இன்னும் கொஞ்சம் தள்ளி வை!

ஒகேனக்கல்லை மைன்கிராஃப்ட் கேமில் கட்ட உட்கார்ந்தால் முதலில் தகராறு செய்வது அருவி அல்ல, பரிசல்தான்.

அருவி சுலபம். உயரத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால் அதுவே வழிந்து இறங்கும். பாறையும் பிரச்னை இல்லை. சாம்பல் நிறக் கட்டைகளை ஏற்ற இறக்கமாக அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் பரிசல் வட்டமானது. மைன்கிராஃப்ட் உலகமோ நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒரு மீட்டர் என்று ஒரே அளவில் வெட்டிய கட்டைகளால் ஆனது. ஏழு கட்டை அகலத்தில் ஒரு வட்டம் கட்டிப் பாருங்கள். எட்ட நின்றால் பரிசல் போலத் தெரியும். கிட்டே போனால் விளிம்பெல்லாம் படிக்கட்டு! நிஜப் பரிசலின் அளவுக்கே இரண்டு மூன்று கட்டைகளில் கட்டினால் அது வட்டமே இல்லை, பெட்டி.

சரி, இருக்கிறபடி இருக்கட்டும், அதைப் பாறையோரமாக அரை அடி தள்ளி வைக்கலாம் என்றால் அதுவும் முடியாது. தள்ளினால் ஒரு முழுக் கட்டம் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

இதற்குப் பெயர்தான் ‘கிரிட் ஸ்னாப்’. வீட்டில் டைல்ஸ் போட்ட தரை இருக்கிறதல்லவா? நாற்காலியை எங்கே வைத்தாலும் அது தானாக நகர்ந்து ஒரு டைல்ஸின் நடுவில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று கற்பனை செய்யுங்கள். கேம் மேப் எடிட்டர்கள் பலவற்றில் சுவர், மரம், பெட்டி எதை வைத்தாலும் நடப்பது இதுதான். அந்தப் பிடியை விட்டுவிட்டு, விரல் விட்ட இடத்திலேயே பொருள் நிற்கும்படி செய்வதுதான் கட்டமில்லாமல் வைப்பது.

‘கேம் ஆடுகிற பிள்ளைகளுக்கான விஷயம், நமக்கென்ன’ என்று நகர்ந்துவிட வேண்டாம். ஃப்ரீ ஃபயர் மேக்ஸில் ‘கிராஃப்ட்லேண்ட்’, ஃபோர்ட்நைட்டில் ‘கிரியேட்டிவ்’, ரோப்லாக்ஸுக்கு ‘ஸ்டுடியோ’ என்று பெரிய கேம்கள் எல்லாமே இன்று ஆடுகிறவர்களின் கையிலேயே மேப் போடும் கருவியைக் கொடுத்துவிட்டன. போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை சுட்டுக்கொண்டிருக்கிறது என்று வீட்டில் திட்டுவார்கள். அது ஒருவேளை ஒரு தெருவைக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

ஆயா சொன்ன புளியமரம்

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். தருமபுரி மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களைப் போல இந்த வீட்டிலும் மகனும் மருமகளும் பெங்களூருவில் வேலை பார்க்கிறார்கள். கோடை விடுமுறைக்குப் பேரன் ஆயா வீட்டுக்கு வருகிறான். பத்து நாளில் போரடித்துவிடுகிறது. கையில் இருக்கும் எடிட்டரில் ஆயா வீட்டையே கட்டத் தொடங்குகிறான்.

வீடு வந்துவிட்டது. கிணறு வந்துவிட்டது. ஆயா எட்டிப் பார்த்து, “அந்தப் புளியமரம் எங்க கண்ணு? ரோடு போடறப்ப வெட்னாங்களே, அது” என்கிறார். பேரன் பார்த்திராத மரம். எங்கே இருந்தது என்று கேட்கிறான்.

“கெணத்துக்குக் கெழக்கால. கொஞ்சம் தள்ளி.”

பையன் மரத்தை இழுத்துக் கிணற்றுக்குக் கிழக்கே விடுகிறான். அது டக்கென்று கிணற்றை ஒட்டிய கட்டத்தில் போய் உட்காருகிறது. “அவ்ளோ கிட்ட இல்ல கண்ணு.” அடுத்த கட்டத்துக்கு மாற்றுகிறான். “ஐயோ, அவ்ளோ தூரமும் இல்ல.”

ஆயாவின் நினைவில் அந்த மரம் இரண்டு கட்டங்களுக்கு நடுவில் நிற்கிறது. எடிட்டரில் அப்படி ஓர் இடமே இல்லை. வெட்டுப்பட்ட மரத்துக்குப் போட்டோ கிடையாது. எங்கே நின்றது என்று சொல்ல ஆயாவைப் போல நாலு பேர்தான் மிச்சம். அந்த ‘கொஞ்சம் தள்ளி’யை அந்தக் கருவியால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

கட்டம் எதற்கு வந்தது?

1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லாண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் ‘ஸ்கெட்ச்பேட்’ என்றொரு புரோகிராமை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் கணினித் திரையிலேயே நேராகப் படம் வரையலாம். மனிதக் கை நடுங்கும் என்பது அவருக்குத் தெரியும். அதனால், பேனா முனை ஒரு கோட்டுக்குப் பக்கத்தில் வந்தாலே அந்தக் கோடு அதை இழுத்துக்கொள்ளும்படி செய்திருந்தார். ‘ஸ்னாப்’ என்று இன்று சொல்லப்படும் வசதிக்கு அது ஒரு முன்னோடி.

கேம்களுக்கு வேறு காரணமும் இருந்தது. நூறுக்கு நூறு கட்டங்கள் கொண்ட ஒரு மேப்பில் பத்தாயிரம் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் என்ன இருக்கிறது என்பதற்கு ஓர் எண் போதும்: புல் என்றால் 1, தண்ணீர் என்றால் 2, சுவர் என்றால் 3. கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் மொத்தமே பத்தாயிரம் பைட். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ‘குட் மார்னிங்’ படத்துக்கே இதைவிடப் பல மடங்கு ஆகும்! பொருளைக் கட்டமில்லாமல் வைத்தால் அது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு பெரிது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்கள் வேண்டும். எதிரி வீரன் எந்த வழியாக ஓடி வருவான் என்று கணக்குப் போடுவதும் கட்டத்தில் எளிது. 1980-களின் கணினிகளுக்கு இது உயிர் போகிற விஷயம்.

1984-ல் வில் ரைட் என்ற இளைஞர் ‘ரெய்ட் ஆன் பங்கலிங் பே’ என்றொரு கேமை வெளியிட்டார். ஹெலிகாப்டரில் பறந்து தீவுகள் மீது குண்டு போட வேண்டும். அந்தத் தீவுகளை வரைவதற்காகத் தனக்கென ஓர் எடிட்டர் செய்திருந்தார். குண்டு போடுவதைவிடத் தீவு கட்டுவதுதான் தனக்கு ஜாலியாக இருக்கிறது என்பது அவருக்கு அப்போது புரிந்தது. அந்த எடிட்டரே வளர்ந்து 1989-ல் ‘சிம்சிட்டி’யாக வந்தது. நகரம் கட்டும் கேம்களுக்கெல்லாம் அதுதான் பாட்டன். ஆக, ஒரு மேப் எடிட்டர்தான் முழு கேமாக மாறியது. அந்த நகரத்தின் வீடுகளும் சாலைகளும் கட்டத்துக்குள்தான்.

தமிழர் கதையும் கட்டத்தில் ஏறியிருக்கிறது. 1999-ல் வந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கேமுக்கு 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற புதிய பகுதி வெளியானது. அதில் ராஜேந்திர சோழனின் படையெடுப்பை வைத்தே ஒரு கதைத்தொடர் உண்டு. அந்த கேமின் தரை, சாய்த்து வைத்த சதுரங்களால் ஆனது. சோழர் கோட்டையும் அந்தக் கட்டங்களில்தான் உட்கார வேண்டும்.

வாசலில் இருக்கும் எடிட்டர்

கட்டம் என்றதும் அதை ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடக் கூடாது. மார்கழியில் தெருவில் இறங்கிப் பாருங்கள். 15 புள்ளியில் தொடங்கி 8-ல் முடியும் இடைப்புள்ளி, 7-க்கு 7 நேர்ப்புள்ளி... புள்ளி வைப்பது என்பதே கிரிட் போடுவதுதான். கோடு புள்ளியைச் சுற்றி எங்கே வளைய வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அந்தப் புள்ளிகளுக்குக் கட்டுப்பட்டது.

தாம்பரம் சென்னை கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணிக்கு இது கணிதமாகத் தெரிந்தது. அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-ல் கோலங்களைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். சில விதிகளைக் கொடுத்துவிட்டால் சின்னக் கோலத்திலிருந்து பெரிய கோலத்தை வளர்த்துக்கொண்டே போகலாம் என்பது அதன் சாரம். கணினி விளையாட்டுகளின் வரைபடங்களையும் இன்று அதே மாதிரி விதிகளால் வளர்க்கிறார்கள்.

போகிற போக்கில் இன்னொன்று: இடைப்புள்ளியில் ஒரு புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளிகள் அமையும். அதை அறுகோணக் கட்டம் என்று சொல்லலாம். ‘சிவிலைசேஷன்’ கேம் வரிசை சதுரத்தை விட்டு அறுகோணத்துக்கு மாறியது 2010-ல் வந்த அதன் ஐந்தாம் பாகத்தில்தான். நம் வாசலில் அது எப்போதோ வந்துவிட்டது.

ஆனால் கோலம் போடுகிறவர்கள் புள்ளியோடு நிற்பதில்லை. சிக்கல் முடிந்ததும் ஓரத்தில் ஒரு கொடி, ஒரு மயில், நாலு பூ என்று கை போன போக்கில் இழுப்பார்கள். அதற்குப் புள்ளி கிடையாது. மயில் கழுத்துக்கு எங்கே புள்ளி வைப்பது? எதைப் புள்ளியில் போட வேண்டும், எதைக் கையால் இழுக்க வேண்டும் என்று யாரும் அவர்களுக்குப் பாடம் எடுத்ததில்லை. மேப் போடுகிறவர்கள் கற்றுக்கொள்ளச் சிரமப்படுவதும் இதைத்தான்.

பிடிவாதக்காரர்கள்

கட்டத்தை உடைத்தவர்கள் பெரும்பாலும் கேம் கம்பெனிக்காரர்கள் அல்ல, ஆடியவர்கள்தான்.

2007-ல் வந்த ‘ஹேலோ 3’ கேமில் ‘ஃபோர்ஜ்’ என்ற எடிட்டர் இருந்தது. பொருளைத் தூக்கி எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் ஒரு பெட்டி இன்னொரு பெட்டிக்குள் கொஞ்சம்கூட நுழையாது. சுவர்களை இடைவெளி தெரியாமல் கோக்க வேண்டும் என்பதற்காக, பெட்டியை ‘ஆட்டம் தொடங்கும்போது வராதே’ என்று வைத்து, அது இல்லாத நேரத்தில் அதே இடத்தில் அடுத்ததை வைத்து, பிறகு முதல் பெட்டியை வரவழைத்து... என்று சுற்றி வளைத்து ஆட்டக்காரர்கள் வேலை செய்தார்கள். மூன்று வருடம் கழித்து, 2010-ல் வந்த ‘ஹேலோ: ரீச்’சில் ஒரு பொருள் இன்னொன்றுக்குள் நுழையும் வசதியைக் கம்பெனியே கொடுத்துவிட்டது.

2015-ல் வெளியான ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ கேமில் சாலையை வளைத்து வளைத்துப் போடலாம். வீடுகள் மட்டும் சாலையோரத்தில் எட்டு மீட்டர் சதுரக் கட்டங்களில்தான் முளைக்கும். சாலை வளையும் இடத்தில் கட்டங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நடுவில் முக்கோண முக்கோணமாகக் காலி இடம் விழும். இதைப் பொறுக்க முடியாதவர்கள் ‘மூவ் இட்’ என்றொரு துணைப் புரோகிராமை உருவாக்கினார்கள். எந்தப் பொருளையும் பிடித்துத் தள்ளலாம், திருப்பலாம், தூக்கலாம். அந்த கேம் ஆடுகிறவர்கள் முதலில் நிறுவிக்கொள்ளும் சில துணைப் புரோகிராம்களில் அதுவும் ஒன்றாகிவிட்டது.

மைன்கிராஃப்டும் கடைசியில் இறங்கி வந்தது. அந்த உலகத்திலும் ஆடு, மாடு, படகு போன்ற நகரும் பொருள்கள் கட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை. கவசம் மாட்டி வைக்கும் பொம்மை ஸ்டாண்டு ஒன்று உண்டு. அதையும் கட்டத்துக்கு வெளியே நிறுத்தலாம். அதைக் கண்ணுக்குத் தெரியாமல் நிறுத்தி, அதன் தலையில் பொருளை மாட்டி, மேசை மேல் தட்டு வைத்ததுபோல் காட்டும் தந்திரத்தைப் பல வருடங்களாகச் செய்துகொண்டிருந்தார்கள். 2023 மார்ச்சில் கணினிக்கான ஜாவா பதிப்பில் ‘டிஸ்ப்ளே என்டிட்டி’ என்ற வசதி வந்தது. ஒரு கட்டையை எந்த அளவுக்கும் சுருக்கி, எந்தக் கோணத்திலும் சாய்த்து, எந்த இடத்திலும் நிறுத்தலாம். பொறுமை இருந்தால் அதில் பரிசல் செய்யலாம். சாய்வாகவும் மிதக்க விடலாம்.

வரப்பும் எஃப்.எம்.பி.யும்

இதையெல்லாம் படித்துவிட்டு உடனே ஸ்னாப்பை அணைத்துவிட்டு முழு ஊரையும் கை போன போக்கில் வைத்தால் என்ன ஆகும்? மூன்றாம் நாளே அழுகை வரும்.

இரண்டு தரைப் பலகைகளுக்கு நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழும். நடந்து வருகிற ஆட்டக்காரர் அதன் வழியே பூமிக்குக் கீழே விழுந்துகொண்டே இருப்பார். இரண்டு சுவர்கள் ஒரே தளத்தில் ஒன்றன் மேல் ஒன்று படிந்தால், எதை முன்னால் காட்டுவது என்று கணினிக்குத் தெரியாமல் அந்த இடம் மினுமினுவென்று துடிக்கும். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் வரும். பொருள்களை எக்கச்சக்கமாகக் குவித்துவிட்டால் பட்ஜெட் போன் சூடாகி மூச்சு வாங்கும்.

அதனால்தான் அனுபவசாலிகள் இரண்டையும் கலக்கிறார்கள். 2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ கேமின் குகைகளும் பாதாள அறைகளும், ஒன்றோடொன்று அளவு தப்பாமல் பொருந்தும் துண்டுகளைக் கட்டத்தில் கோத்துக் கட்டியவை. அதற்கு மேல் கல், குப்பை, சிலந்தி வலை எல்லாம் விருப்பப்படி இறைத்தவை. எது எதோடு சேர வேண்டுமோ அதற்குக் கட்டம். எது தானாக முளைத்ததோ, விழுந்ததோ, யாரோ அவசரத்தில் வைத்துவிட்டுப் போனதோ அதற்குக் கட்டம் வேண்டாம்.

கட்டம் இல்லை என்றால் அளவே இல்லை என்று அர்த்தமில்லை. இதற்குத் தருமபுரிக்காரர்கள் வேறெங்கும் போக வேண்டாம். பீரோவில் பட்டாவோடு மடித்து வைத்திருக்கும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச்சை எடுத்துப் பார்த்தால் போதும். எந்த வயலாவது சரியான சதுரமாக இருக்கிறதா? ஓடை வளைந்த இடத்தில் வரப்பும் வளைந்திருக்கும். பாறை வந்த இடத்தில் ஒதுங்கியிருக்கும். சர்வேயர் என்ன செய்திருக்கிறார்? நிலத்தின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரு நேர்கோடு இழுத்திருக்கிறார். அந்தக் கோட்டில் இத்தனை மீட்டர் நடந்து, செங்குத்தாக இத்தனை மீட்டர் திரும்பினால் வரப்பின் இந்த வளைவு என்று புள்ளி வைத்த எண்ணில் குறித்திருக்கிறார். வயலை அவர் கட்டத்துக்குள் அடைக்கவில்லை. வயல் எப்படி இருந்ததோ அப்படியே அளந்திருக்கிறார். அரை அடி தகராறு வந்தால் கோர்ட் வரைக்கும் அந்த எண்தான் பேசுகிறது.

எடிட்டரில் ஸ்னாப்பை அணைத்த பிறகு ஒரு மரத்தைத் தொட்டால் ஓரத்தில் தெரியும் எண்களும் அதே மாதிரிதான். 12 என்றோ 13 என்றோ இல்லாமல் 12.46 என்று இருக்கும்.

தொப்பூரிலிருந்து தொடங்கலாம்

எப்படி அணைப்பது? ரோப்லாக்ஸ் ஸ்டுடியோவில் நகர்த்துவதற்கு ஒன்று, திருப்புவதற்கு ஒன்று என இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும். டிக்கை எடுத்துவிட்டால் பிடி விட்டுவிடும். ஆனால் ஸ்டுடியோவுக்குக் கணினி வேண்டும், போனில் வராது. காசில்லாமல் கிடைக்கும் ‘டைல்டு’ எடிட்டரில் பொருளை இழுக்கும்போது கன்ட்ரோல் பட்டனை அழுத்திப் பிடித்தால் ஸ்னாப் இருந்தால் போகும், இல்லாவிட்டால் வரும். அதே மாதிரி இலவசமான ‘கோடோ’ கேம் எஞ்சினில் தட்டைப் பட மேப்புக்கு ஷிஃப்ட்டும் ஜி-யும் சேர்ந்து அதே வேலையைச் செய்யும். கோடோவுக்கு ஆண்ட்ராய்டு பதிப்பும் உண்டு. சின்னத் திரையில் கொஞ்சம் கண் வலிக்கும், அவ்வளவுதான்.

பிறகு மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தால் எதைக் கட்டத்தில் வைப்பது, எதை விடுவது என்று ஊரே சொல்லிக் கொடுக்கும். தருமபுரி பஸ் ஸ்டாண்டின் கடைவரிசை கட்டத்தில் நிற்கட்டும். தொப்பூர் கணவாய்ச் சாலை நிற்காது. கட்டத்தில் போட்டால் வளைவெல்லாம் படிக்கட்டாகி, லாரி குதித்துக் குதித்து இறங்கும். உலகம் முழுவதையும் மைன்கிராஃப்டில் ஒன்றுக்கு ஒன்று அளவில் கட்டுகிறோம் என்று 2020-ல் ‘பில்ட் தி எர்த்’ என்ற கூட்டு முயற்சி தொடங்கியது. அவர்களுக்கும் சாய்வான சாலை என்றாலே இதே தலைவலிதான்.

பனைமரங்களைக் கட்டத்தில் நட்டால் போலீஸ் அணிவகுப்பு மாதிரி இருக்கும். ஒரே மரத்தைப் பத்துத் தரம் நகலெடுத்தாலும், ஒவ்வொன்றையும் கொஞ்சம் திருப்பி, கொஞ்சம் உயரம் மாற்றி, அடியை மண்ணுக்குள் துளி அமுக்கிவிட்டால் பத்தும் வேறு வேறு மரமாகிவிடும். பாறைக்கும் அதே வைத்தியம்.

நடுகல்தான் கஷ்டமான பாடம். இந்த மாவட்டத்தின் நடுகற்கள் பல தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்கு வந்துவிட்டன. அங்கே அவற்றை வரிசையாகப் பார்க்கலாம். இன்னும் பல, வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நட்ட இடத்திலேயே நிற்கின்றன. ஒன்று மண்ணில் பாதி புதைந்திருக்கும். ஒன்று சாய்ந்திருக்கும். மேப்பில் அதை 90 டிகிரிக்கு நிமிர்த்திவிட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும், ஆனால் அது அந்தக் கல் இல்லை. எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து வந்து வைக்க வேண்டும். இதற்காகவாவது ஒரு பிள்ளை போனை வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு நடக்கும்.

மேப்பை வெளியிடும்போது மட்டும் ஒரு ஜாக்கிரதை. வீட்டு முகவரி, படிக்கும் பள்ளியின் பெயர் எழுதிய பலகையை அதில் நட வேண்டாம். ஊர் தெரிந்தால் போதும், கதவு எண் தெரிய வேண்டியதில்லை.

பாலக்கோட்டுப் பையனை நடுவில் விட்டுவிட்டோம். டிக்கை எடுத்துவிட்டு மரத்தைப் பிடித்து விரலால் மெல்ல நகர்த்துகிறான். ஓரத்தில் எண் 12.10, 12.30 என்று ஓடுகிறது. ஆயா எண்ணைப் பார்க்கவில்லை. கிணற்றையும் மரத்தையும்தான் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்.

“போதுமா ஆயா?”

“இன்னும் கொஞ்சம்.”

12.46.

“ஆங்... அங்கதான். கெள ஒண்ணு கெணத்துப் பக்கமா சாஞ்சிருக்கும். அதுலதான் உங்கப்பனுக்குத் தூளி கட்டுனேன்.”

பையன் மரத்தைத் திருப்பத் தொடங்குகிறான்.